குறி போட்ட துணி தொலையாது

தொலைக்காட்சிக் கலந்துரையாடல் மேடையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



தேக்காவில் வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால் அடுத்த நிலையம் டோபி காட். மூன்று ரயில் பாதைகள் ஒன்றுகூடும் இடம் அது. அங்கே ஏறி இறங்காத சிங்கப்பூர்த் தமிழரைக் காண்பது அரிது. ஆனால் அந்த அவசரத்தில் எத்தனை பேர் அந்தப் பெயரின் பொருளை நினைத்துப் பார்த்திருப்பார்கள்? 'டோபி' என்றால் சலவைத் தொழிலாளி. 'காட்' என்றால் படித்துறை. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஓடிய நன்னீர் ஓடையில் ஊராரின் துணிகளைத் துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். அந்த ஓடைதான் பின்னாளில் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் ஆனது. படித்துறை மறைந்துவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சலவைத் தொழிலில் ஒரு நுட்பம் உண்டு. நூறு வீட்டுத் துணிகள் ஒரே துறைக்கு வரும். ஒரே நிறத்தில், ஒரே அளவில் பத்து வெள்ளைச் சட்டைகள் இருக்கும். அவை ஒன்றோடொன்று கலந்துவிடாமல் உரிய வீட்டுக்கு எப்படித் திரும்பின? ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் ஒரு சிறு குறி இருக்கும். சேங்கொட்டைச் சாற்றால் இடப்படும் அந்தக் குறி எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் போகாது. முக்கியமான செய்தி என்னவென்றால், அந்தக் குறி துணி தண்ணீருக்குள் போவதற்கு முன்பே போடப்பட்டது. தொலைந்த பிறகு குறி போட்டவர் எவரும் இல்லை.

இன்று டோபி காட்டைச் சுற்றித் துணி வெளுப்பவர்கள் இல்லை. கலை பயில்பவர்கள் இருக்கிறார்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் சிங்கப்பூர்க் கலைப் பள்ளி கண்ணில் படும். அது நிற்கும் சாலைக்குத் தேசிய கீதத்துக்கு இசையமைத்த சுபிர் சயித்தின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. நடக்கும் தொலைவில் நன்யாங் நுண்கலைக் கழகமும் லசால் கலைக் கல்லூரியும் இருக்கின்றன. இவ்விரண்டின் கூட்டாக 2024ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. பாட்டும் படமும் நடனமும் நாடகமும் கற்று ஆண்டுதோறும் இளையர்கள் வெளியே வருகிறார்கள். அவர்களுடைய படைப்புகள் ஊருக்குள் போகும்போது அவற்றின் ஓரத்தில் குறி இருக்கிறதா? இன்றைய உரையின் கேள்வி இதுதான்.

'நம்ம வீட்டு விசேஷம்தானே, தம்பி!'

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். இன்ன இடத்தில் நடந்தது என்று சொல்லத்தக்க கதை அல்ல இது. ஆனால் கலைத்துறையில் இருக்கும் எவருக்கும் புதிதாகவும் இராது.

ஓர் இளைஞர் ஒளிப்படக்காரர். சிராங்கூன் சாலை வட்டாரத்தில் ஒரு கடைக்கு விளம்பரப் படம் எடுக்க அவரை அழைக்கிறார் தெரிந்தவர் ஒருவர். கூலி பற்றி இளைஞர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார். "என்ன தம்பி, நமக்குள்ள என்ன கணக்கு? நம்ம வீட்டு விசேஷம் மாதிரிதானே. முடிச்சுக் குடுங்க, பார்த்துச் செய்யலாம்," என்கிறார் அவர். "சரிங்கண்ணே," என்று இளைஞர் கேமராவைத் தூக்குகிறார். இரண்டு நாள் வேலை. கைக்கு வந்தது பேசிக்கொள்ளாத தொகையில் பாதி. ஆறு மாதம் கழித்து அதே படங்கள் வேறொரு கடையின் பதாகையில் தொங்குகின்றன. படத்தின் கீழே இளைஞரின் பெயர் இல்லை. கேட்டால், "உங்க பேரு பத்து பேருக்குத் தெரியுமே தம்பி, அதுவே பெரிய சம்பளம்," என்று பதில் வருகிறது.

இதில் அந்த அண்ணனைக் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. அவர் அப்படியே பழகியவர். இளைஞரும் காசைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர். இருவருக்கும் இடையில் ஒரு தாள் இல்லாததே குறை.

கலைஞரின் உழைப்பை உழைப்பாகக் கருதும் பழக்கம் நம் ஊரில் இன்னும் முழுமையாக வேரூன்றவில்லை. 2020 ஜூன் மாதம், கொவிட் கிருமித்தொற்றின் உச்சத்தில், 'தி சண்டே டைம்ஸ்' நாளிதழ் 1,000 பேரிடம் எடுத்த கருத்தாய்வு பலருக்கு நினைவிருக்கலாம். அத்தியாவசியமான பணிகளின் பட்டியலில் மருத்துவர், தாதியருடன் துப்புரவுப் பணியாளர் இடம்பெற்றார். அது மிக நியாயம். அத்தியாவசியமற்ற பணிகளின் பட்டியலில் முதலிடம் யாருக்கு? கலைஞருக்கு. 71 விழுக்காட்டினர் அப்படிச் சொன்னார்கள். வீட்டில் அடைபட்டிருந்த அந்த நாள்களில் பாட்டுக் கேட்டும் படம் பார்த்தும் பொழுதைக் கழித்தவர்களே அந்தப் பதிலைச் சொன்னார்கள் என்பதுதான் வேடிக்கை.

மக்கள் மனம் மாறக் காலம் பிடிக்கும். அதுவரை கலைஞர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? சட்டத்தை. கலைஞர் இழக்கக்கூடியவை மூன்று: பெயர், பணம், அரங்கேற அனுமதி. மூன்றிலும் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம்.

2021இல் மாறிய விதி

முதலில் பெயரும் உரிமையும். சிங்கப்பூரில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. படைப்பு எழுத்திலோ படத்திலோ ஒலியிலோ உருப்பெற்ற அந்தக் கணமே உரிமை பிறந்துவிடுகிறது. எழுத்து, இசை, ஓவியம் போன்றவற்றுக்கு அது படைப்பாளியின் ஆயுள் முழுதும், அவர் மறைந்து 70 ஆண்டுகள் வரையும் நீடிக்கும்.

ஆனால் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு முள் இருந்தது. காசு கொடுத்து ஒருவரை ஒளிப்படம், உருவ ஓவியம், ஒலிப்பதிவு, திரைப்படம் முதலியவற்றைச் செய்யச் சொன்னால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், உரிமை காசு கொடுத்தவருக்கே போனது. எடுத்தவருக்கு இல்லை. 2021ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய பதிப்புரிமைச் சட்டம் இதைத் திருப்பிப் போட்டது. அவ்வாண்டு நவம்பர் 21 முதல், வேறு உடன்பாடு இல்லையென்றால் உரிமை படைத்தவருக்கே. நம் கற்பனை ஒளிப்படக்காரர் இன்று படம் எடுத்தால், எதுவும் பேசிக்கொள்ளாவிட்டாலும், உரிமை அவருடையது. இன்னொரு கடையின் பதாகையில் படம் தொங்கியபோது அவர் தலைகுனிய வேண்டியதில்லை, கேள்வி கேட்கலாம்.

அதே சட்டம் மற்றொன்றையும் தந்தது. படைப்பு பொதுமக்கள் முன் வைக்கப்படும்போது படைத்தவர், நிகழ்த்தியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று கோரும் உரிமை. முன்பெல்லாம் ஒருவர் செய்ததை வேறொருவர் பெயரில் காட்டினால்தான் சட்டம் குறுக்கே வந்தது. பெயரே போடாமல் விட்டால் கேட்பாரில்லை. இப்போது கேட்கலாம். மிருதங்கக் கலைஞருக்கும் நடனமணிக்கும் பாடலாசிரியருக்கும் இது பொருந்தும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அந்த வேலையின் பகுதியாகச் செய்யும் படைப்பு பொதுவாக முதலாளிக்கே உரியது. இரண்டாவது இன்னும் முக்கியம். 'வேறு உடன்பாடு இல்லையென்றால்' என்ற சொற்றொடரைக் கவனிக்க வேண்டும். சட்டம் கொடுத்ததைக் கையெழுத்தால் விட்டுக்கொடுத்துவிடலாம். பதிப்புரிமையைக் கைமாற்றிக் கொடுக்க எழுத்தும் கையொப்பமும் வேண்டும், வாய்ச்சொல் போதாது. இது கலைஞருக்குப் பாதுகாப்பு. ஆனால் எட்டுப் பக்கத் தாளைப் படிக்காமல் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடுபவருக்கு அதுவே கண்ணி.

பாரதியின் பாட்டு யாருடையது?

இதெல்லாம் ஆங்கிலேயர் கொண்டுவந்த விவகாரம், தமிழ்க் கலைக்கு ஒட்டாது என்று எண்ணுபவர்கள் உண்டு. அவர்கள் பாரதியாரின் கதையை நினைத்துப் பார்க்கலாம். 1921இல் பாரதி மறைந்தபோது குடும்பம் வறுமையில் இருந்தது. அவர் படைப்புகளின் உரிமை பின்னர் கைமாறியது. வானொலி, இசைத்தட்டு, திரைப்பட உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் போய்ச் சேர்ந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது சட்டச் சிக்கல் எழுந்தது. தேசத்தின் கவி பாட்டு ஒருவரின் தனிச்சொத்தாக இருப்பதா என்று நாடக உலகமும் எழுத்துலகமும் குரல் எழுப்பின. 1949இல் சென்னை அரசு அந்த உரிமைகளைப் பெற முன்வந்தது. மெய்யப்பச் செட்டியாரும் தம்மிடமிருந்ததை விட்டுக்கொடுத்தார். பிறகு பாரதி படைப்புகள் பொதுவுடைமை ஆக்கப்பட்டன. ஊரே பாடும் பாட்டுக்கு உரியவர் யார் என்ற கேள்வியைத் தமிழர்கள் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.

2017இல் அதே கேள்வி மீண்டும் வந்தது. வெளிநாட்டு மேடைகளில் தம் பாடல்களை அனுமதியின்றிப் பாடக் கூடாது என்று இசைஞானி இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு வழக்கறிஞர் அறிவிக்கை போனபோது, தேக்கா காப்பிக் கடைகளிலும் ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வாதிட்டார்கள். 'நட்புக்கு நடுவே சட்டமா' என்றார்கள் சிலர். 'உழைத்தவர் கேட்கக் கூடாதா' என்றார்கள் சிலர். எந்த அணியில் இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். எந்தப் பயன்பாட்டுக்கு யாருக்கு எவ்வளவு என்பது தொடக்கத்திலேயே தெளிவாக எழுதப்பட்டிருந்தால், பல ஆண்டு நட்பு அறிவிக்கை வழியாகப் பேச வேண்டி வந்திராது.

இந்தியா 2012இல் தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. திரைப்படப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது தவிர்ந்த பிற பயன்பாடுகளுக்கான உரிமத்தொகையில் தங்கள் பங்கை எழுதிக் கொடுத்தாலும் இழக்க முடியாது என்று விதித்தது. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து அதற்காக வாதாடினார். கலைஞருக்காகக் குரல் கொடுப்பது என்பது நீதிமன்றத்தில் வழக்காடுவது மட்டும் அல்ல. சட்டம் எழுதப்படும் இடத்திலும் பேசுவது. சிங்கப்பூரில் அப்படியொரு கட்டாயப் பங்கு விதி இல்லை. இங்கே ஒப்பந்தமே பெரும்பாலும் பேசும். எனவே ஒப்பந்தத்தைப் படிப்பவரே பிழைப்பார்.

வென்றாலும் ஆண்டுகள் போகும்

'உரிமை இருக்கிறதே, பிறகு வழக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற நினைப்பும் ஆபத்தானது. இரண்டு வழக்குகள் போதும்.

சிங்கப்பூரில் வளர்ந்த ஒளிப்படக் கலைஞர் ஜிங்னா ஜாங் எடுத்த படம் ஒன்று 2017இல் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' சஞ்சிகையின் வியட்னாம் பதிப்பில் வெளியானது. 2022இல் லக்சம்பர்க் நாட்டில் ஓர் இளம் ஓவியர் வரைந்த ஓவியம் போட்டியொன்றில் 1,500 யூரோ பரிசு பெற்றது. பார்த்தால் அந்த ஒளிப்படத்தைத் திருப்பிப் போட்டது போன்ற தோற்றம். ஜாங் வழக்குத் தொடுத்தார். 2022 டிசம்பரில் தோற்றார். அவர் எடுத்த படத்தில் போதிய தனித்தன்மை இல்லை என்றது கீழ் நீதிமன்றம். மேல்முறையீடு செய்தார். 2024 மே மாதம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. உலகம் முழுவதும் கலைஞர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் வேற்று நாட்டில், வேற்று மொழியில், இரண்டு ஆண்டுகள் அலைய எல்லாருக்கும் தெம்பு இருக்குமா?

மற்றது டெல்லியில். சிற்பி அமர்நாத் சேகல் விஞ்ஞான் பவன் கட்டடத்துக்காக 1957இல் அரசு கேட்டுக்கொண்டபடி மாபெரும் வெண்கலச் சுவர்ச் சிற்பம் ஒன்றை உருவாக்கினார். 1962இல் அது நிறைவடைந்தது. 1979இல் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது அதைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். முறையிட்டுப் பயனில்லாமல் 1992இல் அவர் நீதிமன்றம் போனார். 2005 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், சிற்பத்தின் எஞ்சிய பகுதிகளை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. படைப்பை விற்றுவிட்ட பிறகும் அதைச் சிதைக்காதே என்று சொல்ல படைப்பாளிக்கு உரிமை உண்டு என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. ஆனால் சிற்பம் பெயர்க்கப்பட்ட நாளுக்கும் தீர்ப்பு வந்த நாளுக்கும் இடையில் 26 ஆண்டுகள். குறி ஆழமாக இருந்தது, வாஸ்தவம். துணி கிழிந்துதான் திரும்பியது.

பணம் கேட்பது பாவமில்லை

இரண்டாவது, பணம். நடனமணி, ஒலியமைப்பாளர், நாடக நடிகர், வசனகர்த்தா எனக் கலைத்துறையில் பலர் சுயதொழில் செய்வோர். அவர்களை வேலைக்கு அமர்த்துவோருக்காக 2018இல் மனிதவள அமைச்சு, தொழிற்சங்கக் காங்கிரஸ், முதலாளிகள் சம்மேளனம் ஆகியவற்றின் முத்தரப்பு முயற்சியாக ஒரு தர நிர்ணயம் வந்தது. எழுத்தில் இருக்க வேண்டியவை எவை என்று அது சொல்கிறது. அதையே கலைஞர் ஒவ்வொருவரும் தமக்கான பட்டியலாக வைத்துக்கொள்ளலாம்.

யார் யாருக்கு வேலை செய்கிறார்? என்ன வேலை, எந்த நாளுக்குள்? எவ்வளவு தொகை, எந்தத் தேதியில், முன்பணம் உண்டா? பாதியில் மாற்றம் கேட்டாலோ நிகழ்ச்சி ரத்தானாலோ என்ன கணக்கு? தகராறு வந்தால் எங்கே தீர்ப்பது? இவற்றுடன் கலைஞர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: படைப்பின் உரிமை யாருக்கு, அதை எங்கே எவ்வளவு காலம் பயன்படுத்தலாம்? படைத்தவர் பெயர் எந்த இடத்தில் வரும்?

மொத்தம் ஒரு பக்கம். வழக்கறிஞர் நடையில் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒப்புக்கொண்ட தொகையையும் தேதியையும் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகூடச் சான்றாகும். "அண்ணே, நேத்துப் பேசினபடி இரண்டு நாள் வேலை, இவ்வளவு வெள்ளி, படம் உங்க கடை விளம்பரத்துக்கு மட்டும், சரிதானே?" என்று கேட்டு, "சரி தம்பி" என்று ஒரு பதில் வந்துவிட்டால், அதுவே பாதி வேலி.

அப்படியும் பணம் வரவில்லையென்றால்? சுயதொழில் செய்வோரின் கட்டணத் தகராறுகளுக்குச் சமரசம் பேசும் வசதியை முத்தரப்பு பூசல் தீர்வு அமைப்பு 2018 முதல் வழங்கி வருகிறது. அதிலும் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. ஹேவ்லாக் ஸ்குவேரில் உள்ள அரசு நீதிமன்றங்களின் ஓர் அங்கம் அது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. வழக்கறிஞரை வைத்து வாதிட அங்கே இடமில்லை. எனவே எதிர்த் தரப்பு பெரிய நிறுவனமாக இருந்தாலும் பெரிய வழக்கறிஞரோடு வந்து மிரட்ட முடியாது. ஆனால் உரிமை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். 'அண்ணன் மனசு வச்சுக் குடுப்பாரு' என்று மூன்று தீபாவளி காத்திருந்தவருக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும்.

பதிப்புரிமை மீறல் வேறு வகை. அதை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கலாம். அங்கேயும் 5 லட்சம் வெள்ளிக்கு மேற்படாத அறிவுசார் சொத்து வழக்குகளுக்கு 2022 ஏப்ரல் முதல் எளிமையாக்கப்பட்ட நடைமுறை இருக்கிறது. செலவுக்கு உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் அது சிறிய செலவு அல்ல. அதனால்தான் முன்கூட்டியே எழுதிக்கொள்வது மேல்.

அனுமதி என்னும் வாசற்படி

மூன்றாவது அனுமதி. இது சற்றுக் கடினமான பகுதி. ஏனென்றால் இங்கே கலைஞரின் எதிரே நிற்பது கடைக்கார அண்ணன் அல்ல, சட்டமே.

தமிழ் நாடகத்துக்கு இதில் ஓர் அத்தியாயம் உண்டு. எழுத்தாளர் இளங்கோவனின் அக்னிக் கூத்து குழு 'தலாக்' என்ற நாடகத்தைத் தமிழில் மேடையேற்றியிருந்தது. திருமண வாழ்வில் துன்புறும் இந்திய முஸ்லிம் பெண்ணைப் பற்றியது அது. சமயத் தரப்பிலிருந்து ஆட்சேபம் எழுந்தது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அதை மற்ற மொழிகளில் மேடையேற்ற அனுமதி மறுக்கப்பட்டது. டோபி காட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஃபோர்ட் கேனிங்கில் அன்று இருந்த நாடக மையத்தில், குழுவின் தலைவி அத்துமீறல் புகாரின்பேரில் கைதானார். நாடகம் சரியா தவறா என்பதில் அன்றும் இருவேறு கருத்துகள் இருந்தன. இன்றும் இருக்கும். ஆனால் அந்த இரவில் ஒரு சிறிய தமிழ் நாடகக் குழுவுக்குப் பக்கத்தில் நின்று, 'இதுவரை போகலாம், இதற்குமேல் போனால் இன்ன விளைவு' என்று சொல்ல ஒருவர் இருப்பது எவ்வளவு தேவை என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

பார்வையாளரே எழுந்து மேடைக்கு வந்து கதையை மாற்றும் மன்ற நாடக வடிவத்துக்கும், நிகழ்த்துக் கலைக்கும் 1994இல் தேசிய கலைகள் மன்றத்தின் நிதியுதவி நிறுத்தப்பட்டது. அது தளர ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. கலைஞர்கள் பொறுமையாகப் பேசி, எழுதி, செய்து காட்டி அந்தக் கதவைத் திறக்க வைத்தார்கள். எதிர்த்துக் கத்துவது மட்டும் வாதாடல் ஆகாது என்பதற்கு அதுவே சான்று.

பொது இடத்தில் கலை செய்தவர்களின் அனுபவமும் உண்டு. சாலையில் சொற்களை அச்சிட்டும், சாலையைக் கடக்கும் பொத்தான்களில் வேடிக்கை வாசக வில்லைகளை ஒட்டியும் 2012இல் கைதான சமந்தா லோவுக்கு 2013இல் 240 மணி நேரச் சமூகச் சேவை விதிக்கப்பட்டது. 2017இல் லசால் மாணவியாக இருந்த பிரியகீதா தியா, ஜாலான் ராஜாவில் ஒரு வீவக புளோக்கின் மாடிப்படிகளில் தங்கநிறத் தாளை ஒட்டினார். சாம்பல் படிக்கட்டு பொன் படிக்கட்டு ஆனது. அண்டை வீட்டார் சிலர் மகிழ்ந்தார்கள். அனுமதியின்றிச் செய்யப்பட்டது என்றது நகர மன்றம். பின்னர் அவரே அதை அகற்றினார். அதே தமிழ்ப் பெண் 2022இல் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் கலை விழாவில் தம் படைப்பை வைத்தார். படிக்கட்டில் தொடங்கியவருக்குக் கடல் கடந்து அரங்கு கிடைத்தது. எல்லா இளையருக்கும் அப்படி வாய்க்கும் என்று சொல்ல முடியாது. முதல் படியிலேயே சட்டச் சிக்கல் வந்து, பயந்து, கலையையே விட்டவர்களின் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை.

துணை நிற்பவர்கள் யார்?

உலகின் பிற நகரங்கள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. நியூயார்க்கில் 1969ஆம் ஆண்டிலேயே 'கலைகளுக்கான தொண்டூழிய வழக்கறிஞர்கள்' என்ற அமைப்பு பிறந்தது. வசதியில்லாத கலைஞருக்கு வழக்கறிஞர்கள் காசு வாங்காமல் ஆலோசனை சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் 1983 முதல் கலைச் சட்ட மையம் ஒன்று இயங்கி வருகிறது. பூர்வகுடிக் கலைஞர்களின் ஓவியங்களைப் போலிகளிலிருந்து காப்பதும் அதன் பணிகளில் ஒன்று.

சிங்கப்பூரிலும் வெறுங்கையாக நிற்க வேண்டியதில்லை. வழக்கறிஞர் சங்கத்தின் இலவசச் சட்டச் சேவைப் பிரிவாக இருந்து, இப்போது 'புரோ போனோ எஸ்ஜி' என்ற பெயரில் இயங்கும் அமைப்பு சட்ட ஆலோசனைக் கூடங்களை நடத்துகிறது. படைப்புத் தொழில்களில் இருப்பவர்களுக்கென்றே சட்டக் கையேடு ஒன்றும் அவர்கள் முயற்சியில் வந்திருக்கிறது. தேசிய கலைகள் மன்றத்தின் கலை வள மையம் சுயதொழில் கலைஞர்களுக்கு வழிகாட்டுகிறது. அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் பதிப்புரிமையை எளிய மொழியில் விளக்குகிறது. இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் 1987இல் தொடங்கப்பட்ட 'காம்பாஸ்' சங்கத்தில் சேர்ந்தால், பொது இடங்களில் தங்கள் பாட்டு ஒலிப்பதற்கான தொகையைச் சங்கம் வசூலித்துப் பகிர்ந்து கொடுக்கிறது.

ஒன்றுபட்டுக் கேட்டால் குரல் கேட்கும் என்பதற்கு அண்மைக்கால உதாரணமும் இருக்கிறது. 2024இல், செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியைப் பயிற்றுவிக்க உள்ளூர்ப் படைப்புகளைப் பயன்படுத்தலாமா என்று எழுத்தாளர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. நல்ல நோக்கம்தான், நம் மொழியும் கணினிக்குத் தெரிய வேண்டாமா? ஆனால் எழுத்தாளர்கள் பலர் உடனே தலையாட்டிவிடவில்லை. என்ன ஈடு, என்ன பாதுகாப்பு, பிறகு அந்தப் படைப்பு எங்கெல்லாம் போகும் என்று கேட்டார்கள். கணினித் தரவுப் பகுப்பாய்வுக்காகப் படைப்புகளை நகலெடுக்க 2021ஆம் ஆண்டுச் சட்டம் சில நிபந்தனைகளோடு இடம் கொடுக்கிறது என்பதால் அந்தக் கேள்விகள் இன்னும் முக்கியமாகின்றன. அவர்கள் கேட்டது மறுப்பதற்காக மட்டும் அல்ல. தண்ணீருக்குள் போவதற்கு முன் குறி எங்கே என்று கேட்டார்கள்.

தமிழ்ச் சமூகம் செய்யக்கூடியது

உதவிக்கு இடங்கள் இருக்கின்றன. அந்த இடத்துக்கும் நம் கலைஞருக்கும் நடுவில் கூச்சம் நிற்கிறது. அதை அகற்றுவது அரசாங்கத்தின் வேலை அல்ல, சமூகத்தின் வேலை.

தமிழ் அமைப்புகளும் ஆலயங்களும் கலை நிகழ்ச்சிகளுக்கு ஆண்டுதோறும் எத்தனையோ கலைஞர்களை அழைக்கின்றன. அழைப்பவரே ஒரு பக்க ஒப்பந்தத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு வைத்து, "வாங்க, இதைப் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க," என்று முதலில் நீட்டினால், கேட்கத் தயங்கும் இளையவரின் நெஞ்சு எவ்வளவு இலேசாகும்! இலவசமாகச் செய்யச் சொல்வதில் தவறில்லை. சேவையாகச் செய்பவர்கள் என்றும் உண்டு. ஆனால் இலவசம் என்பதையும் எழுதிவிட வேண்டும். பெயர் மட்டும் எப்போதும் போட வேண்டும். கலைப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர், அரங்கேற்றத்துக்கு மேடை தேடும் அக்கறையில் பாதியை, பிள்ளை கையெழுத்திடும் முதல் தாளைச் சேர்ந்து உட்கார்ந்து படிப்பதில் காட்டலாம். நம் சமூகத்தில் வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமில்லை. மாதம் ஒரு மாலை, நூலகத்திலோ சமூக மன்றத்திலோ இரண்டு மணி நேரம் தமிழில் உட்கார்ந்து பேச அவர்களில் நான்கு பேர் முன்வந்தால், பல ஆண்டு மனக்கசப்புகள் முளையிலேயே தீரும்.

அந்தக் கற்பனை இளைஞரிடம் மீண்டும் வருவோம். அடுத்த முறை அண்ணன் அழைக்கிறார். "நம்ம வீட்டு விசேஷம் மாதிரிதானே, தம்பி!" இளைஞர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "ஆமாண்ணே, நம்ம வீட்டு விசேஷம்தான். அதனாலதான் ஒரு தாள்ல எழுதிக்கிடுவோம். நாளைக்கு நமக்குள்ள மனத்தாங்கல் வரக் கூடாது பாருங்க." அண்ணன் ஒரு கணம் விழிக்கிறார். பிறகு சட்டைப் பையில் பேனாவைத் தேடுகிறார்.

டோபி காட்டில் துணி துவைத்தவர்கள் அதிகம் படித்தவர்கள் அல்லர். அவர்களுக்குத் தெரிந்த உண்மை ஒன்றே: எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் குறி போடாமல் துறையில் இறக்காதே. நம் கலைஞர்கள் அதை மறக்காமல் இருக்கட்டும்.